‘வயசானா அப்படித்தான்’: முதியோர் நலச் சேவை ஆராய்ச்சி பற்றி வாசற்படியில் கேட்ட கேள்விகள்

முதியோர் உடல்நல ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். நாங்கள் கேட்கப் போனதைவிட, எங்களிடம் திருப்பிக் கேட்டவைதான் சுவாரசியம். திண்ணையிலும், ரேஷன் கடை வரிசையிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி நாற்காலிக்குப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசிச் செய்யவேண்டியவை.

முதியோர் நலச் சேவை ஆராய்ச்சி என்றால் புது மருந்து கண்டுபிடிப்பதா?

பெரும்பாலும் இல்லை. மருந்து ஏற்கெனவே இருக்கும், வைத்தியமும் தெரிந்திருக்கும். அது 78 வயதுப் பாட்டியின் கைக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா, யார் கொண்டுவந்தால் சேரும், ஆஸ்பத்திரியில் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டால் படுக்கையில் விழாமல் நடந்தே வீடு திரும்புவார் என்பதுபோன்ற சங்கதிகளைத்தான் பார்க்கிறோம்.

இந்தத் துறை பிறந்த கதையும் அதுதான். 1935-ல் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர் இருந்தார். பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் எழுநூறு பேருக்கு மேல் அவர் பொறுப்பில் வந்தார்கள். பலர் வருடக்கணக்காகக் கட்டிலிலேயே கிடந்தவர்கள். ‘இனி தேறாது’ என்று ஒதுக்கப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, யாருக்கு என்ன கோளாறு என்று பிரித்தார். வார்டில் வெளிச்சம் கூட்டினார், பிடித்து நடக்கக் கம்பி வைத்தார், எழுப்பி உட்காரவைத்து நடைப்பயிற்சி கொடுக்கச் செய்தார். தேறாது என்றிருந்தவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள். சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். புது மருந்து என்று அவர் கையில் ஒன்றும் இல்லை.

டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லாரும் சேர்ந்து ஒரு முதியவரை முழுதாகப் பார்ப்பதற்கு இன்று ‘முழுமையான முதியோர் மதிப்பீடு’ என்று பெயர். ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர்களை இப்படிப் பார்ப்பதால் பலன் உண்டா என்று 9 நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளை, மொத்தம் 13,766 பேரின் கணக்கை, 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சில மாதங்கள் கழித்து அவர்கள் தங்கள் வீட்டிலேயே உயிரோடு இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. இறப்புக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயுள் நீளவில்லை, ஆனால் அந்த ஆயுளைக் கழிக்கும் இடம் மாறியது. சொந்த வீட்டுக் கட்டிலுக்கும் வேறொரு கட்டிலுக்கும் உள்ள தூரம் என்னவென்று ஒரு பெரியவரைக் கேட்டுப் பாருங்கள்.

வயசானா அப்படித்தான். இதில் ஆராய என்ன இருக்கிறது?

நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். மகன் சொல்வார், மருமகள் சொல்வார், பெரியவரே சொல்வார், சில சமயம் டாக்டரும் சொல்வார். முழங்கால் வலியா? வயசானா அப்படித்தான். ராத்திரி தூக்கமில்லையா, காது கேட்கவில்லையா, சிறுநீர் கசிகிறதா? எல்லாவற்றுக்கும் அதே பதில். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அதைச் சொன்ன நிமிடமே பரிசோதனை நின்றுவிடுகிறது.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.பி. அதிகமாக இருந்தால் மாத்திரை கொடுத்துக் குறைக்கலாமா, இல்லை அது வயசுக்கு ஏற்றதுதான் என்று விட்டுவிடலாமா என்று டாக்டர்களுக்குள்ளேயே நெடுநாள் வாதம் இருந்தது. குறைத்தால் கெடுதல் என்று பயந்தவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆய்வுகளில் அந்த வயதுக்காரர்கள் மிகக் குறைவு என்பதால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஊகம்தான். கடைசியில் ‘ஹைவெட்’ என்ற ஆய்வு 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரை மட்டுமே சேர்த்தது. பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களில் இறப்பு 21% குறைவு, இதயச் செயலிழப்பு 64% குறைவு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று.

உங்கள் பாட்டியின் பி.பி.யை எந்த அளவுக்குக் குறைக்கவேண்டும் என்பது வேறு கேள்வி. அவர் நிற்கும்போது தலை சுற்றுகிறதா, எத்தனை மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் டாக்டர் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

நம் ஊரில் இதையெல்லாம் யாராவது செய்கிறார்களா?

செய்கிறார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல்.

எண்ணிக்கையைப் பார்த்தால் நமக்கு அவசரம் அதிகம். அரசு மதிப்பீட்டின்படி 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6%. கேரளத்துக்கு (16.5%) அடுத்த இடம் நமக்கு. 2031-ல் இது 18.2% ஆகும் என்று கணக்கு. பிள்ளைகள் குறைந்து, ஆயுள் கூடினால் இப்படித்தான் ஆகும்.

நாடு தழுவிய பெரிய ஆய்வு ‘லாசி’. 2017-18-ல் 45 வயதைக் கடந்த 72,000-க்கும் அதிகமானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் முதல் அறிக்கை வந்தது. அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போவதுதான் அதன் திட்டம், அப்போதுதான் யார் எப்போது தளர்கிறார்கள், எதனால் தளர்கிறார்கள் என்று தெரியும். அதன் கிளையாக நடந்த மறதிநோய் ஆய்விலிருந்துதான் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4% பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்பே ‘10/66’ என்று ஒரு குழு. பெயரே ஒரு புகார்தான். மறதிநோய் உள்ளவர்களில் 66% பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியோ 10% கூட அங்கே நடப்பதில்லை என்று பொருள். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் அவர்களுடைய ஆய்வு நடந்தது.

வீட்டுக்கு வந்து என்னதான் கேட்பீர்கள்?

வியாதிப் பட்டியலைக் கேட்போம், ஆனால் அதைவிட முக்கியம் மற்றவை. தானே குளிக்கிறாரா? புடவை கட்ட, வேட்டி கட்ட யாராவது உதவவேண்டுமா? கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா? கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்க முடிகிறதா? மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாரா? சர்க்கரை அளவு 200 என்பதைவிட ‘ஒரு மாதமாகத் தானே குளிப்பதில்லை’ என்பது பல நேரம் பெரிய செய்தி.

அளவெடுப்பதும் உண்டு. கையால் ஒரு கருவியை அழுத்தச் சொல்லிப் பிடியின் வலுவைப் பார்ப்போம். சிறிது தூரம் வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் குறிப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கையேட்டில் ஒரு சோதனை இருக்கிறது: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 14 விநாடிக்குள் முடிந்தால் சரி. முடியாவிட்டால் மேற்கொண்டு பார்க்கவேண்டும். இதைச் செய்யச் சொன்னால் தாத்தாக்களுக்குப் போட்டி மனப்பான்மை வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை விநாடியில் முடித்தார் என்று கேட்பார்கள். சொல்லமாட்டோம்.

எங்கள் அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அவரிடம் ஞாபகசக்திச் சோதனை வைத்தால் தோற்றுவிடுவாரே?

சரியான கேள்வி. மேலைநாட்டில் செய்த சோதனையில் ‘ஒரு வாக்கியம் எழுது’, ‘நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி’ என்றெல்லாம் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது ஞாபகசக்திச் சோதனை இல்லை, பள்ளிக்கூடச் சோதனை. அப்படியே இங்கே கொண்டுவந்தால் நல்ல தெளிவோடு இருக்கும் பாட்டியை மறதிநோயாளி ஆக்கிவிடும். இதைத் திருத்த 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் படிக்காத கிராமத்து முதியவர்களுக்கு ஏற்ற மாதிரி சோதனையை மாற்றியமைத்தார்கள். 10/66 குழுவும் கல்வி பாதிக்காத அளவுகோல் ஒன்றை உருவாக்கவே அதிகம் பாடுபட்டது. கூடவே, வீட்டில் இருப்பவரிடமும் தனியாகக் கேட்பார்கள்: முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை?

தேதி தெரியவில்லை என்று ஒரு பாட்டிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கப் போனேன். ‘நேத்துதான்மா கிருத்திகை, விரதம் இருந்தேன்’ என்றார். நாட்காட்டியைப் பார்த்தால் சரி. அவர் நாளைத் தொலைக்கவில்லை, ஆங்கிலத் தேதி மட்டும் அவருடையது இல்லை.

அப்பாவுக்குப் பதில் நானே சொல்லிவிடட்டுமா? சீக்கிரம் முடியும்.

வேண்டாம். பிள்ளைகள் சொல்வதும் பெரியவர் சொல்வதும் ஒத்துப்போவதே அபூர்வம். ‘நல்லா சாப்பிடறார்’ என்பார் மகன். மகன் ஆபீஸ் போனபின் ‘பல் செட்டு குத்துது, கஞ்சிதான் இறங்குது’ என்பார் அப்பா. அவரால் பேசவே முடியாத நிலை என்றால் மட்டும் வீட்டார் பதில் சொல்லலாம், அதையும் ‘வீட்டார் பதில்’ என்று தனியாகக் குறிப்போம்.

சில கேள்விகளுக்கு உங்களை வெளியே போகச் சொல்வோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். யாராவது திட்டுகிறார்களா, அடிக்கிறார்களா, பென்ஷன் பணத்தைப் பிடுங்குகிறார்களா என்ற கேள்விகள் அவை. அப்படி ஒரு சிக்கல் உங்களுக்குத் தெரிந்த முதியவருக்கு இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

அம்மா அடிக்கடி விழுகிறார். இதற்கு ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதாவது உண்டா?

உண்டு, சமநிலைப் பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பாதத்தை முன்னும் பின்னும் வைத்து நடப்பது மாதிரியானவை. 2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பில் 108 ஆய்வுகள், 23,407 பேர். பயிற்சி செய்தவர்கள் விழுந்த தடவைகள் 23% குறைந்திருந்தன. வெறும் நடைப்பயிற்சிக்கு இந்த அளவு சான்று இல்லை. ஆரம்பத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்து, கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி செய்யவேண்டும்.

தோற்ற ஆய்வுகளையும் சொல்லவேண்டும், அதுதான் நியாயம். அமெரிக்காவில் ‘ஸ்ட்ரைட்’ என்று ஒரு பெரிய முயற்சி. 86 மருத்துவ நிலையங்கள், 70 வயதைக் கடந்த 5,451 பேர். ஒரு தரப்பு முதியவர்களுக்கு இதற்கென்றே ஒரு நர்ஸ். ஏன் விழுகிறார் என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வார். படித்தால் கச்சிதமான திட்டம். 2020-ல் முடிவு வந்தபோது, பலத்த அடிபடுவது சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. வைட்டமின் டி மாத்திரையும் அப்படியே. பொதுவாக ஆரோக்கியமாக இருந்த 25,871 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் எழுதினார்கள். குறைபாடு இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்கள் கதை வேறு. ஆனால் ‘எதற்கும் இருக்கட்டுமே’ என்று வாங்கிப் போடும் மாத்திரைக்கு அந்த ஆய்வு நல்ல பதில்.

நம் வீடுகளைப் பற்றி என் சொந்தக் கருத்து ஒன்று. நான் பார்த்த விழுதல்களில் நிறைய, ராத்திரியில் கழிப்பறைக்குப் போகும் வழியில் நடந்தவை. கொல்லையில் கழிப்பறை, இடையில் உயர்ந்த நிலைப்படி, அணைந்த விளக்கு, ஈரத் தரை. பத்து லட்சம் செலவழித்து மாடி கட்டியவர்கள்கூடக் கீழே கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ரெண்டாம் நாள் அப்பா ஆளே மாறிவிட்டார். புத்தி பேதலித்துவிட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பயந்து போயிருப்பார்கள். நியாயம்தான். நேற்றுவரை செய்தித்தாள் படித்த மனிதர் இன்று ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார், செத்துப்போன அண்ணன் வந்திருப்பதாகச் சொல்கிறார், மகளை நர்ஸ் என்கிறார். பெரும்பாலும் இது ‘டெலிரியம்’ எனப்படும் திடீர் மனக்குழப்பம். காய்ச்சல், கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, அறுவைசிகிச்சை, சில மருந்துகள், தூக்கமின்மை எதுவும் காரணமாகலாம். காரணத்தைச் சரிசெய்தால் பலருக்குத் தெளிந்துவிடும். ‘வயசானா அப்படித்தான்’ என்று விடக்கூடாத இடங்களில் இதுதான் முதல். உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். ‘இவர் எப்போதும் இப்படி இல்லை, நேற்றிலிருந்துதான்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவர்களுக்குத் தெரிய வழியில்லை, உங்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஷாரன் இனோயி 1999-ல் வெளியிட்ட ஆய்வை நான் புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்கு எப்போதும் சொல்வேன். 70 வயதைக் கடந்த 852 நோயாளிகள். ஒரு தரப்புக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு தரப்புக்கு அதோடு சின்னச் சின்ன வேலைகள்: இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுப்பது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடத்துவது, தூக்கமாத்திரைக்குப் பதில் ராத்திரி வெதுவெதுப்பான பானம் கொடுத்து முதுகு நீவிவிடுவது. குழப்பம் வந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 15%, இந்தக் கவனிப்பில் 9.9%.

அங்கே இந்த வேலைகளுக்குத் தன்னார்வலர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் ‘அட்டெண்டர்’ என்ற உறவுக்காரர் ஏற்கெனவே இருக்கிறார்! அவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுப்பவர்தான் இல்லை. அப்பாவின் கண்ணாடி தொலைந்துவிடுமே என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மாத்திரை. எல்லாம் வேண்டுமா?

வேண்டியதும் இருக்கும், வேண்டாததும் இருக்கலாம். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒருவர், பிராஸ்டேட்டுக்கு ஒருவர், இடையில் மெடிக்கல் ஷாப்காரர். நாலு சீட்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதியோருக்குத் தீங்கு செய்யக்கூடிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற டாக்டர் 1991-ல் முதன்முதலாகத் தொகுத்தார். அது இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. 2008-ல் அயர்லாந்திலிருந்து இன்னொரு பட்டியல் வந்தது. எதை நிறுத்தலாம் என்பதோடு, எதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம் என்றும் அது சொல்லும். பியர்ஸ் பட்டியலில் நம் ஊரில் சர்வசாதாரணமாக வாங்கும் பழைய வகைச் சளி மாத்திரைகள்கூட இருக்கின்றன. இருபது வயதில் தூக்கம் வரும், எண்பது வயதில் குழப்பமும் மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் வரும்.

ஆஸ்பிரின் கதை தெரியுமா? இதயநோயே வராதவர்கள், வராமல் தடுக்க என்று தினம் ஒன்று போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஊனமில்லாமல் வாழும் காலம் அதனால் கூடவில்லை, பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது என்று 2018-ல் தெரிந்தது. ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்டோ பக்கவாதமோ ஆனவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டி, ‘இதில் எதைக் குறைக்கலாம் டாக்டர்?’ என்று கேளுங்கள்.

மறதிநோயைத் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45% மறதிநோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. சிறுவயதில் படிப்பின்மை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு.

காதைப் பற்றி மட்டும் கொஞ்சம். 977 பேரை வைத்து 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வில், காதுக் கருவி கொடுத்ததால் மொத்தத்தில் நினைவாற்றல் சரிவு குறையவில்லை. ஆனால் ஏற்கெனவே சரிவு அபாயம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் மூன்று வருடத்தில் சரிவு 48% குறைந்திருந்தது. பிரித்துப் பார்த்துக் கிடைத்த கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுக்கவேண்டும். இருந்தாலும், காது கேட்காத பெரியவரை வீட்டில் யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை, அவரும் மெல்ல ஒதுங்கிவிடுகிறார் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை. பார்த்திருக்கிறேன்.

பார்த்துக்கொள்கிற எங்களை யார் பார்ப்பார்கள்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மருமகள்கள், மகள்கள், தானும் அறுபதைத் தாண்டிய மனைவிகள். கோவாவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இவர்களைப் பற்றியது. மறதிநோயாளி இருக்கும் 81 குடும்பங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் வீட்டுக்கே வந்து, நோய் என்னவென்று விளக்கி, கோபம், அலைச்சல், திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவற்றை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். மனநல டாக்டர் பின்னணியில் இருந்தார். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. நோய் குணமாகவில்லை, அது குணமாகிற நோயும் இல்லை. ‘வேணும்னே செய்யறார்’ என்ற நினைப்பு மாறினாலே பாதிப் பாரம் இறங்குகிறது.

எங்களைச் சோதனை எலி ஆக்குவீர்களா?

உங்கள் சம்மதமில்லாமல் ஒன்றும் நடக்காது. ஆய்வைத் தொடங்குமுன் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்கவேண்டும். மருந்து, சிகிச்சைச் சோதனை என்றால் 2009-லிருந்து இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் முன்கூட்டியே பதியவேண்டும். படிவத்தை உங்கள் மொழியில் படித்துக் காட்டவேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் கைநாட்டு. மறதிநோய் முற்றியவருக்குச் சட்டப்படி உரிய உறவினர் சம்மதிக்கலாம், ஆனாலும் நோயாளி கையைத் தட்டிவிட்டால் நாங்கள் எழுந்து போய்விட வேண்டியதுதான். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கக் கூடாது.

படிவத்தை நீட்டி ‘இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று மட்டும் சொல்பவர் வந்தால் போடாதீர்கள். அவர் எங்கள் ஆளாக இருந்தாலும்.

எங்களைச் ‘சும்மா’ குழுவில் போட்டுவிட்டால்?

போடலாம். யாருக்குப் புதுக் கவனிப்பு, யாருக்கு வழக்கமான கவனிப்பு என்பதைக் கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பதுபோலத்தான் முடிவு செய்வார்கள். டாக்டர் தேர்ந்தெடுத்தால் தெம்பாக இருப்பவர்களையே புதுக் குழுவில் சேர்த்துவிடுவார், அப்புறம் பலன் மருந்தாலா ஆளாலா என்று தெரியாது. சேவை பற்றிய பல ஆய்வுகளில் காத்திருந்த குழுவுக்கும் பின்னால் அதே சேவை கிடைக்கும். சேருமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கிடைக்குமா?

போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி இழப்புக்கு ஈடு, சில இடங்களில் இலவசப் பரிசோதனை. அவ்வளவுதான். ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சை இலவசம். பெரிய தொகை தருகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஆய்வு முடிந்து, பேப்பர் எழுதி, அப்புறம்? எங்கள் ஊருக்கு என்ன வரும்?

நேரம் எடுக்கும், சில சமயம் வராமலே போகும். மழுப்ப விரும்பவில்லை. வந்தவற்றைச் சொல்கிறேன். கோழிக்கோட்டில் 1993-ல் சின்ன அளவில் தொடங்கிய வலிநிவாரணச் சங்கம், அக்கம்பக்கத்து மக்களே தன்னார்வலர்களாக வீட்டுக்கு வந்து படுக்கைநோயாளிகளைப் பார்க்கும் முறையாக வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. மத்திய அரசின் முதியோர் நலத் திட்டம் 2010-ல் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

எனக்கு இவற்றில் பிடித்தது கட்டடம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபியும் படுக்கைநோயாளிகளுக்கான கவனிப்பும் வருகின்றன. பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று மாத்திரை வாங்க முடியாதவர் மாத்திரையையே விட்டுவிடுவார் என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் அது. ஆனால் வரும் பெண் தன்னார்வலரின் பையில் இருப்பவை இரண்டு மூன்று வியாதிகளுக்கான மாத்திரைகள். அதே வாசற்படியில் நின்று காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, போன மாதம் விழுந்தாரா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்றும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அதைச் சேர்த்தால் என்ன பலன், எவ்வளவு செலவு, அந்தப் பெண்ணுக்கு அதற்கு என்ன கூடுதல் ஊதியம் என்பதை ஒழுங்காக ஆராய்ந்தால் நன்றாக இருக்கும். ஊதியத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆய்வு முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? எங்கள் பெயர் அதில் வருமா?

சொல்லவேண்டும். பல குழுக்கள் சொல்வதில்லை. கேட்டு வாங்குங்கள், எளிய தமிழில் ஒரு பக்கம் கேளுங்கள். பெயர் வராது. எண் மட்டும் இருக்கும், எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் பூட்டி வைக்கப்படும்.

இதை ஒரு பாட்டியிடம் பெருமையாக விளக்கினேன். இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்னவர். கேட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியை மூடினார். ‘அப்ப இதெல்லாம் நான் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாதா?’ என்றார். தெரியாது பாட்டி என்றேன். ‘எம் பேரையும் ஒரு ஓரமா எழுதிக்கோ. நான் ஒண்ணும் பொய் சொல்லலியே’ என்றார்.